காபி மூட்டை கப்பல் ஏறும் முன்: ஆலையில் நடப்பதும் விவசாயி அறிய வேண்டியதும்

பழனி மலையின் கீழ்ப்பகுதியில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை, சேலம் மாவட்டத்தில் ஏற்காடு, நீலகிரியில் கூடலூர் என நம் காபிப் பகுதிகளில் நவம்பரில் சூடுபிடிக்கும் அறுவடை பிப்ரவரி வரை நீள்கிறது. பழத்தைப் பறித்து, உலர்த்தி, மூட்டை கட்டி வியாபாரியிடம் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று பல விவசாயிகள் நினைக்கிறார்கள். ஆனால், உங்கள் காபி எந்தத் தரம், அதற்கு என்ன மதிப்பு என்பது முடிவாவது அதற்குப் பிறகு, பதப்படுத்தும் ஆலையில்தான். 'கியூரிங்' என்று எல்லோரும் சொல்லும் வேலை அது.

இந்தியாவில் விளையும் காபியில் பெரும்பகுதி வெளிநாடுகளுக்குப் போகிறது. உற்பத்தியில் கர்நாடகம், கேரளத்துக்கு அடுத்து தமிழ்நாடு மூன்றாவது இடத்தில் இருக்கிறது. காபி வாரியத்தின் தொகுப்பு விற்பனை முறை இருந்த காலத்தில் விவசாயி தன் காபியை வாரியத்திடம் ஒப்படைத்தார். ஆலையில் தரம் பிரித்து, தரத்துக்கு ஏற்பப் புள்ளி கணக்கிட்டு, தவணை தவணையாகப் பணம் வந்தது. 1992-ல் இருந்து அந்த முறை படிப்படியாகத் தளர்ந்து, 1996-ல் முழுதாக விலகியது. இப்போது யாரிடம் விற்பது, என்ன விலைக்கு விற்பது என்பது உங்கள் முடிவு. அதே நேரத்தில், மலையிலேயே மூட்டைக் கணக்கில் விற்றுவிட்டால், உங்கள் காபி எப்படித் தரம் பிரிந்தது என்ற விவரம் உங்கள் கைக்கு வருவதில்லை. விலை பேசும்போது அந்த விவரம் தெரிந்தவர் பக்கமே தராசு சாயும். ஆகவே, ஆலைக்குள் நடப்பதை ஒருமுறை படிப்படியாகப் பார்த்துவிடுவோம்.

இரண்டு வகைச் சரக்கு

ஆலைக்கு வரும் காபி இரண்டு வகை. பழுத்த பழத்தைப் பல்பரில் போட்டு மேல்தோலை நீக்கி, வழுவழுப்பான சதையை நொதிக்க வைத்துக் கழுவி, உள்தோலோடு உலர்த்தினால் அது பார்ச்மென்ட். பழத்தை முழுசாக அப்படியே காயவைத்தால் அது செர்ரி. அரபிகா, ரொபஸ்டா இரண்டிலும் இந்த இரண்டு வகையும் உண்டு. அரபிகா பார்ச்மென்ட்டில் இருந்து வரும் கொட்டையைத்தான் 'பிளான்டேஷன்' காபி என்கிறோம். நகரத்துக் காபித்தூள் கடைப் பலகையில் 'பிளான்டேஷன் ஏ', 'பீபரி' என்று எழுதியிருப்பது இந்தத் தரப் பெயர்களே.

பார்ச்மென்ட்டில் மெல்லிய உள்தோலை மட்டும் நீக்கினால் போதும். செர்ரியில் காய்ந்த மேல்தோல், சதை, உள்தோல் மூன்றும் ஒட்டிக் கிடக்கும். அதனால் 50 கிலோ நல்ல அரபிகா பார்ச்மென்ட்டில் ஏறத்தாழ 40 கிலோ சுத்தக் கொட்டை கிடைக்கும்போது, 50 கிலோ செர்ரியில் அதில் பாதிக்குச் சற்று மேல்தான் கிடைக்கிறது.

ஈரப்பதம்: இரண்டு பக்கமும் நஷ்டம்

லாரியில் இருந்து மூட்டை இறங்கியதும் முதலில் நடப்பது மாதிரி எடுத்து ஈரப்பதம் பார்ப்பது. காபி வாரியத்தின் பரிந்துரைப்படி பார்ச்மென்ட் 10 சதவீதம், அரபிகா செர்ரி 10.5 சதவீதம், ரொபஸ்டா செர்ரி 11 சதவீதம் ஈரத்தில் இருக்க வேண்டும். சர்வதேச காபி அமைப்பு ஏற்றுமதிக் கொட்டைக்குச் சொல்லும் எல்லை 8 முதல் 12.5 சதவீதம்.

ஈரம் கூடுதலாக இருந்தால் எடை கூடும், அது லாபம்தானே என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 14 சதவீத ஈரமுள்ள 50 கிலோ பார்ச்மென்ட்டில் உலர்பொருள் 43 கிலோ. அதையே 10 சதவீதத்துக்குக் காயவைத்தால் 47.8 கிலோதான் நிற்கும். வாங்குபவர் அந்த 2.2 கிலோவைக் கழிப்பதோடு விடமாட்டார். ஈரக் கொட்டை எந்திரத்தில் நசுங்கும், கிடங்கில் வெளுக்கும், பூஞ்சணம் பிடிக்கும் என்று தெரிந்து, பாதுகாப்புக்காக இன்னும் கொஞ்சம் கழிப்பார்.

அளவுக்கு மீறிக் காயவைத்தாலும் இழப்புதான். 10 சதவீத ஈரத்தில் 50 கிலோ இருக்கும் மூட்டை, 8 சதவீதத்துக்கு இறங்கினால் 48.9 கிலோ ஆகிவிடும். மூட்டைக்கு ஒரு கிலோவுக்கு மேல் களத்திலேயே ஆவியாகிவிடுகிறது. அத்துடன் கொட்டை மொறுமொறுப்பாகி எந்திரத்தில் உடையும். உடைந்தவை கடைசித் தரத்தில் போய்ச் சேரும்.

ஈரமானி இல்லாதவர்களும் பதம் பார்க்கலாம். ஒரே படியில் தலைதட்டி அளந்த காபியை அடுத்தடுத்து இரண்டு நாள் எடை போடுங்கள். எடை குறையாமல் நின்றால் காய்ந்துவிட்டது என்று பொருள். செர்ரியைக் கைப்பிடியில் அள்ளிக் குலுக்கினால் கலகலவென்று ஓசை வரும். பார்ச்மென்ட் விரல் அழுத்தத்தில் 'படக்' என்று பிளக்கும். இவை முதல்கட்டச் சோதனைகள். விற்கும் முன் ஈரமானியில் பார்த்துவிடுவதே நல்லது.

அவுட்டர்ன் தெரிந்து விலை பேசுங்கள்

ஈரத்துக்கு அடுத்து ஆலையில் பார்ப்பது 'அவுட்டர்ன்'. ஒரு மூட்டைக்கு எத்தனை கிலோ சுத்தக் கொட்டை தேறும் என்ற கணக்கு இது. மாதிரியை எடுத்துத் தோல் நீக்கி, எடை போட்டு, அதைக் கொண்டு முழுச் சரக்கையும் மதிப்பிடுவார்கள். ரொபஸ்டா செர்ரி வியாபாரத்தில் 'அவுட்டர்ன் 26', 'அவுட்டர்ன் 28' என்று பேசுவது 50 கிலோ மூட்டைக்கு அத்தனை கிலோ கொட்டை என்பதைத்தான்.

உதாரணத்துக்கு, உங்களிடம் 40 மூட்டை செர்ரி இருக்கிறது. உண்மையான அவுட்டர்ன் 28. சோதிக்காமல் 26 என்று வைத்து விலை பேசினால், மூட்டைக்கு 2 கிலோ வீதம் 80 கிலோ சுத்தக் கொட்டைக்கான பணம் உங்களுக்கு வராது. ஈரம் குறைவாகவும், பிஞ்சு, பொக்கு, குச்சி, மண் இல்லாமலும் இருந்தால் அவுட்டர்ன் கூடும். அந்தக் கூடுதல் உங்கள் உழைப்பின் பலன்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். மூட்டைகளின் மேல், நடு, அடி மூன்று இடத்திலும் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கலந்து, அதில் 100 கிராம் நிறுத்து, பொறுமையாக உரித்துப் புடைத்து, கொட்டையை மட்டும் எடை போடுங்கள். அந்த எடையில் பாதி, 50 கிலோ மூட்டைக்கான அவுட்டர்ன். 100 கிராம் பார்ச்மென்ட்டில் 80 கிராம் கொட்டை வந்தால் அவுட்டர்ன் 40. நகைக்கடைத் தராசு போன்ற சிறு மின்னணுத் தராசு ஒன்று இருந்தால் போதும். ஒரே சோதனையோடு நிற்காமல் மூன்று முறை செய்து சராசரி எடுங்கள்.

தோல் நீக்குதல்

சரக்கு ஏற்கப்பட்டதும் முதலில் தூசி, குச்சி, இலைகளைச் சல்லடையும் காற்றும் பிரிக்கும். கல் நீக்கி எந்திரம் கல்லைத் தள்ளும். ஆணி, கம்பித் துண்டுகளைக் காந்தம் பிடித்துக்கொள்ளும். களம் பெயர்ந்து மண்ணாக இருந்தால் இங்கே கழிவு அதிகமாகும்.

அடுத்து ஹல்லர். உரசலாலோ மோதலாலோ தோல் உடைந்து பிரியும். விசிறிக் காற்று உமியை அள்ளிச் செல்லும். அதன்பின் மெருகேற்றும் எந்திரத்தில் கொட்டையை ஒட்டியிருக்கும் வெள்ளிச் சவ்வும் நீங்கும். எந்திரம் அதிகமாகச் சூடானால் கொட்டையின் நிறம் மாறும். ஆகவே நல்ல ஆலையில் வேகத்தையும் இடைவெளியையும் கவனித்துக்கொண்டே இருப்பார்கள். பல்பரில் நறுக்குப்பட்ட கொட்டைகள் இப்போது வெளியே தெரியும். வெட்டுப்பட்ட இடம் நொதித் தொட்டியிலேயே கறுத்திருக்கும். அதை எந்த எந்திரத்தாலும் வெளுக்க வைக்க முடியாது.

பார்ச்மென்ட் உமி அடுப்பெரிக்கப் போகிறது. செர்ரித் தோலில் சாம்பல் சத்து நிறைய உண்டு. பக்கத்து ஆலையில் அது கிடைத்தால் மட்க வைத்துத் தோட்டத்துக்கே திருப்பிவிடுங்கள்.

அளவு பிரித்தல்

சுத்தமான கொட்டை, துளையிட்ட தகடுகள் அடுக்கிய சல்லடை எந்திரத்துக்குப் போகும். சல்லடை எண் என்பது துளையின் விட்டத்தை அங்குலத்தின் 64-ல் ஒரு பங்கால் சொல்வது. 17-ம் எண் என்றால் ஏறத்தாழ 6.7 மி.மீ., 15-ம் எண் என்றால் ஏறத்தாழ 6 மி.மீ.

17-ம் எண் சல்லடையில் நிற்கும் அரபிகா பார்ச்மென்ட் கொட்டை பிளான்டேஷன் ஏ. 18-ல் நின்றால் டபுள் ஏ. 15-ல் நிற்பது பி. அதற்கும் சிறியது சி. செர்ரி வகைகளிலும் ரொபஸ்டா பார்ச்மென்ட்டிலும் பெரியவை 'ஏபி' என்ற ஒரே தரமாகச் சேரும்.

பழத்துக்குள் இரண்டு கொட்டைக்குப் பதில் ஒன்றே உருண்டையாக வளர்ந்தால் அது பீபரி. வட்டத் துளையில் இதைப் பிரிப்பது கடினம் என்பதால் நீள்துளைச் சல்லடையில் தனியாக எடுத்து 'பி.பி.' என்று தரமிடுவார்கள். உடைசல், கறுப்பு, பழுப்பு எல்லாம் சேர்ந்த கடைசித் தரத்துக்கு 'பி.பி.பி.' என்று பெயர். ஏற்றுமதிக் கொட்டைக்கும் இதற்கும் விலையில் பெரிய இடைவெளி உண்டு. உங்கள் மூட்டையில் இருந்து எத்தனை கிலோ இந்தத் தரத்துக்குப் போகிறது என்பதே உங்கள் தோட்ட வேலைக்கான மதிப்பெண்.

எடை, நிறம், கண்

ஒரே அளவுள்ள கொட்டைகளிலும் கனமானது உண்டு, பொக்கும் உண்டு. சாய்ந்து அதிரும் மேசையின் அடியில் இருந்து காற்று ஊதும். கனமான கொட்டை ஒரு பக்கமும், காய்த்துளைப்பான் குடைந்ததும் முற்றாததும் இன்னொரு பக்கமும் ஒதுங்கும். வண்டு துளைத்த காய்களைத் தோட்டத்திலேயே பொறுக்காமல் விட்டால், அந்தக் கணக்கு இந்த மேசையில் தீர்க்கப்படும்.

பிறகு நிறம் பிரிக்கும் எந்திரம். ஒவ்வொரு கொட்டையும் கீழே விழும்போது கேமரா பார்க்கும். கறுப்போ பழுப்போ தெரிந்தால் நொடிப்பொழுதில் காற்றுக் குழல் அதைத் தட்டிவிடும். இதற்கும் மேல், பல ஆலைகளில் பெண் தொழிலாளர்கள் வரிசையாக அமர்ந்து கையால் பொறுக்குகிறார்கள். எந்திரம் தவறவிட்டதைப் பழகிய கண் பிடித்துவிடும்.

இவ்வளவு கவனம் ஏன்? அளவுக்கு மீறி நொதித்து நாற்றமெடுத்த ஒரே ஒரு கொட்டை ஒரு பானைக் காபியையே கெடுத்துவிடும். உயர்ரகக் காபிக்கான சர்வதேச அளவுகோலில் 350 கிராம் மாதிரியில் முழுக் கறுப்பு, முழுப் புளிப்பு போன்ற பெரிய குறை ஒன்றுகூட இருக்கக் கூடாது. கடைசியில் மாதிரியை வறுத்து, அரைத்து, வெந்நீர் ஊற்றிச் சுவை பார்ப்பார்கள். பூஞ்சண நெடி, சாக்கு வாடை, மண் வாடை எல்லாம் அங்கே வெளிப்படும். தோற்றத்தில் முதல் தரமாக நின்ற கொட்டையும் சுவையில் விழலாம்.

விதிவிலக்காக ஒன்று உண்டு. 'மான்சூன்டு மலபார்' என்ற காபிக்கு, தரம் பிரித்த செர்ரிக் கொட்டையை மேற்குக் கடற்கரைக் கிடங்குகளில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பருவமழைக் காற்று படும்படி பரப்பி வைப்பார்கள். கொட்டை ஊதிப் பெருத்துப் பொன்னிறமாகும். நல்ல கொட்டையைத் தேர்ந்தெடுத்து, நாள்தோறும் கண்காணித்துச் செய்யும் தனித் தொழில் அது. வீட்டில் நனைந்துபோன காபிக்கு அந்தப் பெயர் சொல்லி விற்க முடியாது.

மூட்டையும் கன்டெய்னரும்

ஏற்றுமதிக் கொட்டை பெரும்பாலும் 60 கிலோ சணல் சாக்கில் அடைக்கப்படுகிறது. சணல் நாரைப் பதப்படுத்தக் கனிம எண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெய் பயன்படுத்திய சாக்குதான் உணவுப் பொருளுக்கு ஏற்றது. உயர்ரகக் காபிக்கு உள்ளே காற்றுப் புகாத உறையும் போடுவார்கள். சாக்கின் மேல் சர்வதேச காபி அமைப்பின் குறியீடு இருக்கும். முதலில் நாட்டு எண், அடுத்து ஏற்றுமதியாளர் எண், பிறகு சரக்குத் தொகுதி எண். இந்தியாவின் நாட்டு எண் 14. காபி வாரியத்தின் ஏற்றுமதி அனுமதியும் பிறப்பிடச் சான்றும் சரக்கோடு செல்ல வேண்டும்.

20 அடி கன்டெய்னர் ஒன்றில் ஏறத்தாழ 320 மூட்டை, அதாவது 19.2 டன் ஏறும். கொச்சி, மங்களூரு, சென்னை போன்ற துறைமுகங்களில் இருந்து கிளம்பும் கப்பல் வெப்பமான கடலில் இருந்து குளிர்ந்த கடலுக்குப் போகும்போது கன்டெய்னரின் கூரையில் நீர் கோர்த்துச் சொட்டும். அதைத் தடுக்க உட்சுவரில் தடித்த தாள் ஒட்டி, ஈரம் உறிஞ்சும் பைகளைத் தொங்கவிடுவார்கள். கொட்டையிலேயே ஈரம் கூடுதலாக இருந்தால் இந்த ஏற்பாடுகள் போதாது. உங்கள் களத்தில் ஒருநாள் முன்னதாகக் கட்டிய மூட்டை, கடல் தாண்டி அங்கே பூஞ்சணமாகத் திறக்கலாம்.

வாங்கும் நாடுகள் கேட்பது

இரண்டு விஷயங்களை இப்போதே மனதில் கொள்ளுங்கள். முதலாவது ஆக்ரடாக்சின்-ஏ. மெதுவாகவும் ஈரமாகவும் உலரும் காபியில் சில வகைப் பூஞ்சைகள் சுரக்கும் நச்சு இது. வறுத்தாலும் முழுதாகப் போகாது. ஐரோப்பிய ஒன்றியம் வறுத்த காபியில் இதற்கான உச்ச வரம்பை 2023 முதல் கிலோவுக்கு 5 மைக்ரோகிராமில் இருந்து 3 ஆகக் குறைத்துவிட்டது. வெறும் மண்ணில் காயப்போடுவதும், மழையில் நனைந்ததை அப்படியே குவித்து வைப்பதும், உதிர்ந்து கிடந்த பழத்தைப் பறித்த பழத்தோடு கலப்பதும் இந்த நச்சுக்கு வழி திறக்கும்.

இரண்டாவது, காடழிப்புத் தடை விதி. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடு அழித்த நிலத்தில் விளைந்த காபியை ஐரோப்பிய ஒன்றியம் ஏற்காது என்பது அதன் சாரம். காபி விளைந்த நிலத்தின் புவி இருப்பிட விவரத்தையும் கேட்கிறது. 4 ஹெக்டேர் வரை ஒரு புள்ளி போதும், அதற்கு மேல் எல்லைக்கோடு முழுதும் வேண்டும். நடைமுறைக்கு வரும் தேதி தள்ளிப்போனாலும், வாங்குபவர்கள் விவரம் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். மரநிழலில் காபி வளர்க்கும் நமக்கு இது பாதகமான விதி அல்ல. ஆனால் பட்டா, பரப்பு, இருப்பிடம் ஆகிய ஆவணங்கள் கையில் இல்லாத சிறு விவசாயியின் மூட்டை அந்தச் சந்தையில் இருந்து ஒதுங்கிவிடும் ஆபத்து இருக்கிறது.

தோட்டத்தில் செய்ய வேண்டியவை

• நன்கு சிவந்த பழத்தை மட்டும் பறியுங்கள். பச்சைக் காயையும் மரத்திலேயே காய்ந்ததையும் பொறுக்கி, தனியாகச் செர்ரியாகக் காயவையுங்கள்.

• பறித்த அன்றே பல்பரில் போடுங்கள். கொட்டை நறுக்குப்படுகிறதா என்று முதல் கூடையிலேயே பார்த்து இடைவெளியைச் சரிசெய்யுங்கள்.

• சிமெண்ட் களத்திலோ உயர்த்திய வலைப் படுக்கையிலோ மெல்லிய அடுக்காகப் பரப்பி, மணிக்கு ஒருமுறை கிளறுங்கள். மாலையில் குவித்து மூடுங்கள். நல்ல வெயிலில் பார்ச்மென்ட் 7 முதல் 10 நாளிலும் செர்ரி 12 முதல் 15 நாளிலும் காயும்.

• காபி பிற வாடையை இழுத்துக்கொள்ளும். மிளகு, ஏலம், உரம், பூச்சிமருந்து உள்ள அறையில் வைக்காதீர்கள். உரச் சாக்கில் கட்டவே கூடாது. மரச்சட்டத்தின் மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள்.

• அரபிகாவையும் ரொபஸ்டாவையும், புதிய சரக்கையும் பழைய சரக்கையும் கலக்காதீர்கள்.

விற்கும் இடத்தில் கேட்க வேண்டியவை

ஈரம் எவ்வளவு என்று உங்கள் முன்னால் பார்க்கச் சொல்லுங்கள். அவுட்டர்ன் எவ்வளவு என்று வைத்து விலை சொல்கிறார்கள் என்று கேளுங்கள். உங்கள் சோதனைக் கணக்கையும் எடுத்து வையுங்கள். ஒரு கிலோ மாதிரியைக் காற்றுப் புகாத டப்பாவில் நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பேச்சு வந்தால் அது உங்கள் சாட்சி.

ஒருவரிடம் உள்ள ஐந்து பத்து மூட்டைக்காக ஆலை தனியாக எந்திரம் ஓட்டாது. ஒரே வகை, ஒரே பதம் உள்ள காபியை ஊர்க்காரர்கள் பத்து இருபது பேர் சேர்த்தால், பட்டிவீரன்பட்டி போன்ற இடங்களில் உள்ள ஆலையில் கூலிக்குக் கொடுத்துத் தரம் பிரித்து விற்க வழி இருக்கிறது. உழவர் உற்பத்தியாளர் குழுக்கள் இதைச் செய்ய ஏற்றவை. அப்போது ஏ எத்தனை கிலோ, பீபரி எத்தனை, பி.பி.பி. எத்தனை என்ற தரப்பட்டியல் உங்கள் கைக்கு வரும். அதைப் பத்திரப்படுத்துங்கள். உடைசல் கூடினால் உலர்த்தலில் குறை. கறுப்பு கூடினால் பல்பரிலோ நொதித்தலிலோ குறை. துளைப்பட்டது கூடினால் வண்டுக் கட்டுப்பாட்டில் குறை. அடுத்த ஆண்டு எங்கே கைவைக்க வேண்டும் என்பதை அந்த ஒரு தாள் சொல்லிவிடும்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊருக்கு ஒரு ஈரமானியும் ஒரு சிறு தராசும் பொதுவில் இருக்க ஏற்பாடு செய்யுங்கள். அறுவடைக்கு முன்னால் விவசாயிகளை ஒரு நாள் ஆலைக்கு அழைத்துச் சென்று, தங்கள் ஊர்க் காபி சல்லடையில் எப்படிப் பிரிகிறது என்று பார்க்க வையுங்கள். தொழில்நுட்பச் சந்தேகங்களுக்குத் தாண்டிக்குடியில் உள்ள காபி வாரியத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையத்தை அணுகலாம்.

எந்த ஆலையும் கெட்ட கொட்டையை நல்ல கொட்டையாக மாற்றித் தராது. களத்தில் உருவான தரத்தைப் பிரித்துக் காட்டுவது மட்டுமே அதன் வேலை. இந்தப் பருவத்தில் முதல் மூட்டையைக் கட்டும் முன், 100 கிராமை உரித்து எடை போட்டுவிட்டு விலை பேசத் தொடங்குங்கள்.